மர ரம்பம்

1. திண்டிவனம் கடையில் ரம்பம் கேட்டேன்.
2. "மரத்துக்கா, இரும்புக்காம்மா?" என்றார் கடைக்காரர்.
3. பெரியப்பா மீது பழைய கோபம் மூண்டது.

அப்போது விழுப்புரத்தில் இருந்தோம்; எனக்கு ஒன்பது வயது. கிணற்றுத் தகராறில் எங்கள் இரும்புத் தண்ணீர்க் குழாயை அறுக்க வந்த பெரியப்பா, தச்சரான அப்பாவின் மர ரம்பத்தை எடுத்தார். அதில் எப்போதும் தேங்காயெண்ணெய் வாசனை அடிக்கும். இரும்பு அறுக்கும் ரம்பம் பக்கத்திலேயே தொங்கியது. அதைச் சொன்னால் குழாய் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். மர ரம்பம் இரும்பில் உரசிய கிறீச்சில் உடம்பே கூசியது.

"உங்கப்பன் மாதிரியே இதுவும் மொக்கை" என்று ரம்பத்தை வீசிவிட்டுப் போனார்.

மாலையில் வந்த அப்பா மழுங்கிய பற்களைத் தடவினார்.

"பாத்துக்கினு சும்மாவா இருந்த?"

"தண்ணி வருதுல்லப்பா."

குழாயில் கீறல் இன்னும் இருக்கிறது. தண்ணீரும் வருகிறது. பெரியப்பாவோடு நாங்கள் பேசுவதில்லை.