ஒரேயொரு மட்ச் வெண்ட கோச்

ஓம் மச்சாள், வெண்டனாங்கள்தான். ஒண்டெண்டாலும் வெற்றி வெற்றிதான். அவ்வளவு தூரம் வெரிபீயிலையிருந்து வந்து என்ரை சோபாவிலை சாஞ்சுகொண்டு, நீங்களும் ஒரு கோச்சோ எண்டு சிரிக்கிறது சுகம். சொஃப்ட்போல் கோச் வேலையிலை முக்காவாசி, ஒன்பது பொம்பிளைப் பிள்ளையளை ஒரே நேரத்திலை ஒரே கிறவுண்டிலை நிப்பாட்டிறதுதான். சனிக்கிழமை காலமை குளிருக்கை மடக்குக் கதிரையிலை இருந்து, பிள்ளை என்ன விளையாடுது எண்டு தெரியாமலே கை தட்டின உங்களுக்கெல்லாம் நான் சொல்லிறது விளங்கும். மச்சாளுக்கு விளங்காட்டிப் போகட்டும்.

வேலை கிடைச்ச விதம்

நான் ஒரு பொம்பிளைப் பிள்ளையள் கொலிச்சிலை லைபிரரி வேலை. அங்கை இருந்த கோச் கலியாணம் கட்டி குயின்ஸ்லாந்துக்குப் போயிட்டா. பிரின்சிப்பல் வந்து, ஆருக்காவது மட்டையும் பந்தும் பிடிச்ச அனுபவம் இருக்கோ எண்டு கேட்டா. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மன்னாரிலை கொன்வென்ரிலை படிக்கேக்கை 'எல்லே' எண்டொரு மட்டைப்பந்து விளையாடினனான் எண்டு சொல்லிப்போட்டன். அந்த ரீமின்ரை கப்டன் பின்னுக்குக் கன்னியாஸ்திரியாப் போனவ. மடத்திலையும் சத்தம் போட்டுத்தான் கதைப்பாவாம், அது வேறை கதை.

பிரின்சிப்பல் எல்லே எண்டால் என்னெண்டு ஃபோனிலை தட்டிப் பாத்தா. ஒரு படம் வந்தது. அதிலை மட்டை இருந்தது, பந்து இருந்தது, ஓடிற ஆள் ஒண்டும் இருந்தது. ஃபோனை மேசையிலை கவுட்டு வைச்சுப்போட்டுச் சொன்னா: "இது போதும். வியாழக்கிழமை தொடங்குங்கோ."

தலகணியும் தேங்காயும்

எல்லேயிலை ஓடிறவளிலை பந்தாலை எறிஞ்சு பட்டால் அவள் அவுட். எங்களுக்கு அதுதான் விளையாட்டின்ரை உயிர். சொஃப்ட்போலிலை பந்தை பேஸ் எண்ட கட்டத்திலை நிக்கிறவளிட்டைக் குடுக்க வேணுமாம். இதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. ஒருத்தி முதுகிலை தலகணி கட்டிக்கொண்டு ஓட, மற்றவை எறிய வேணும். ஆறு கிழமை இதுதான் பழக்கம். நாங்கள் ஊரிலை எறிஞ்சது ரெனிஸ் பந்து. இவையின்ரை பந்து, உரிச்ச தேங்காய் மாதிரி.

முதல் மட்ச். மெலிசா எண்டு ஒரு பிள்ளை, எறியிறதிலை விண்ணி, குறி தப்பாது. எறிஞ்சாள் பாருங்கோ, மற்ற ரீம் பிள்ளைக்கு நடு முதுகிலை. அவள் குப்புற விழ, என்ரை பிள்ளையள் கட்டிப்பிடிச்சுத் துள்ளினம். நானும் துள்ளினன், பொய் சொல்லக்கூடாது. நல்ல காலம், அந்தப் பிள்ளைக்குப் பெரிசா ஒண்டுமில்லை. மன்னிப்புக் கேட்டு ரெண்டு மட்டன் றோல்ஸ் குடுத்தனான், மூண்டாவதும் இருக்கோ எண்டு கேட்டவள். அம்பயர் வயசான, நிதானமான மனிசன். முகமூடியைக் கழட்டிப்போட்டு என்னட்டைக் கேட்டார்: "மிசிஸ், இது கை தவறினதோ, இல்லாட்டிப் பழக்கினதோ?"

கெமிஸ்ரிக்காரி

அதுக்குப் பிறகு சட்டமெல்லாம் படிச்சு, ஒழுங்கா விளையாடி, ஒழுங்காத் தோத்தம். பிரின்சிப்பல் கூப்பிட்டு, சீசன் முடியிறதுக்கை ஒரு மட்ச் எண்டாலும் வெல்லாட்டி ரீமைக் கலைச்சு, கிறவுண்டைக் கார் பார்க் ஆக்கிறது எண்டு சொல்லிப்போட்டா. அதைக் கேட்ட மெலிசா லைபிரரியிலை புத்தகத் தட்டுக்குப் பின்னாலை இருந்து அழுதவள். வகுப்பிலை அவளை ஒருத்தரும் கெட்டிக்காரி எண்டு சொன்னதில்லை. கிறவுண்டிலைதான் அவளுக்கு அந்தப் பேர்.

அந்த நேரம் பாத்து ஒரு பிள்ளை தன்ரை வீட்டுப் படியிலை விழுந்து கையை முறிச்சிட்டாள். இப்ப எட்டுப் பேர். ஒன்பதாவதைத் தேடி மெரிலேண்ட்ஸிலை, எங்கடை கொலிச்சிலை படிக்கிற தர்சினி வீட்டை போனன். தாய் கட்லட் தந்து, ரீ தந்து, சோதினை வருது, பிள்ளைக்கு கெமிஸ்ரி கிடக்கு, ஏலாது எண்டிட்டா. நான் சொன்னன், வலப்பக்கம் கடைசியிலை பந்து வாறது குறைவு, அவள் அங்கை நிண்டு படிக்கட்டும் எண்டு. அப்பிடித்தான் தர்சினி கையுறைக்குள்ளை கெமிஸ்ரிக் குறிப்பு ஒட்டிக்கொண்டு நிண்டவள். ஒருநாள் தாய் மட்ச் பாக்க வந்தா. ஒரு பந்து அந்தப் பக்கம் உருண்டு போனதுதான் தாமதம், என்னட்டை ஓடி வந்தா: "அன்ரி, அவள் படிச்சுக்கொண்டு நிக்கிறாள், பந்தை வேறை பக்கம் அடிக்கச் சொல்லேலாதோ?"

கடைசி மட்ச்

குவேக்கர்ஸ் ஹில்லிலை, பத்து மணிக்கு. எங்கடை சனம் கலியாணக் கார்ட்டிலை ஆறு மணி எண்டு கிடந்தால் ஆறு மணிக்குத்தான் குளிக்கப் போகும். அதாலை தாய் தேப்பனுக்கு நான் எப்பவும் ஒண்டரை மணித்தியாலம் முன்னுக்குத்தான் நேரம் சொல்லிறனான். தமிழர், லெபனான்காரர், பிலிப்பைன்ஸ்காரர், இந்த விசயத்திலை எல்லாரும் சொந்தக்காரர். எட்டரைக்கு வாங்கோ எண்டன். ஒன்பதே முக்காலுக்கு, ஒரு அவசரமும் இல்லாமல், எல்லாரும் வந்து சேந்தினம். மற்ற ரீம் நேரத்தை மதிக்கிற ஆக்கள். சரியான நேரத்துக்கு வெளிக்கிட்டு, மோட்டர்வேயிலை லொறி ஒண்டு குறுக்காலை நிண்டதாலை மாட்டிக்கொண்டினம். வந்து நிண்டது ஆறு பேர். பத்தேகாலுக்குள்ளை ஒன்பது பேர் இல்லாட்டித் தோல்வி எண்டது அங்கத்தைச் சட்டம்.

அவையின்ரை கோச், சின்ன வயசுப் பிள்ளை, நல்ல பிள்ளை. என்னட்டை வந்து கொஞ்சம் பொறுப்பியளோ எண்டு கேட்டுது. எனக்கு ஓம் எண்டு வாய் வரைக்கும் வந்திட்டுது. மெலிசாவைப் பாத்தன். அவள் என்னைப் பாக்காமல் கிறவுண்டையே பாத்துக்கொண்டு நிண்டாள். நான் அந்தப் பிள்ளையிட்டைச் சொன்னன், முதல் அம்பயர் எழுதட்டும், பிறகு பின்னேரம் வரைக்கும் எண்டாலும் பொறுக்கிறன் எண்டு. பத்தேகாலுக்கு அவர், மற்ற ரீமிலை ஆள் குறைவு, எங்களுக்கு வெற்றி எண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவையின்ரை மிச்ச ஆக்களும் வந்தாப் பிறகு சும்மா ஒரு மட்ச் விளையாடினம். பதினெட்டுக்கு ரெண்டு. பதினெட்டு அவையின்ரை. ரெண்டும் மெலிசா ஓடி எடுத்தது.

திங்கக்கிழமை அம்பயர் எழுதின தாளைக் கொண்டுபோய்க் குடுத்தன். பிரின்சிப்பல் கண்ணாடியைப் போட்டு ரெண்டு தரம் வாசிச்சா. கார் பார்க் கதையை விடுவம் எண்டா. நான் கதவடிக்குப் போக, பின்னாலை கூப்பிட்டுச் சொன்னா: "கோச், அடுத்த வருசமும் இப்பிடியே வெல்லப் பாருங்கோ, ஒருத்தருக்கும் காயம் வராது."

விளையாடி வெல்லிறது கெட்டிக்காரர், வந்து நிண்டு வெல்லிறது நாங்கள், அவ்வளவுதான் மச்சாள் வித்தியாசம். இஞ்சாருங்கோ, மழை தூறுது, கொடியிலை கிடக்கிற பிள்ளையளின்ரை யூனிஃபோமை ஒருக்கா உள்ளை எடுத்துக்கொண்டு வாங்கோ.