மருந்தும் வெள்ளிக்கிழமையும்

தீவிரவாத வழக்குகளில் சிக்கும் தொலைபேசிப் பேச்சுகளைப் படித்துக் கருத்து எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. அரசியல் அறிவியல் பேராசிரியர் என்பதால் அந்தக் கருத்துக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. அந்த மதிப்பால் ஒருவர் சிறையில் இருந்ததைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

விருதுநகர் காதர், பட்டாசுக் கம்பெனிகளுக்குக் காகிதக் குழாய் சப்ளை செய்பவர். அவர் பேசியதாகப் போலீஸ் தந்த தாளில் இரண்டே வரிகள்: "மருந்து செலுத்தியாச்சா? வெள்ளிக்கிழமைக்கு முன்னால அம்புட்டும் முடிஞ்சிரணும்."

'மருந்து' என்ற சொல்லின் கீழ் கோடிட்டு, 'சங்கேதச் சொல்லாக இருக்கலாம்' என்று எழுதினேன். வெள்ளிக்கிழமைக்குப் பக்கத்தில் 'தொழுகை நாள்' என்று குறித்தேன். சென்னையில், ஏசி அறையில் உட்கார்ந்து. காதருக்கு ஜாமீன் மறுக்கப்பட்டது.

அவருடைய வக்கீல் போனில் ஒன்றுதான் கேட்டார். "மேடம், நீங்க சிவகாசிப் பக்கம் வந்திருக்கீகளா?"

வந்ததில்லை. அந்த வாரமே கிளம்பினேன்.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில், காதர் குழாய் அனுப்பும் பட்டாசுக் கம்பெனியில் உச்சி வெயில். சிவப்பும் பச்சையுமாகக் காகிதக் குழாய்கள் தரை முழுக்கக் காய்ந்தன. வேலை அறையிலிருந்து வந்த பெண்களின் கைகள் முழங்கை வரை வெள்ளியாக மின்னின. அலுமினியத் தூள். எல்லோரும் வெறுங்காலோடு சத்தமில்லாமல் நடந்தார்கள். தண்ணீருக்கு அடியில் இருக்கும் ஓர் ஊரைப் பார்ப்பதுபோல் இருந்தது.

காதர் அன்று போனில் பேசியது அங்கே போர்மேனாக இருக்கும் செல்வியிடம். தாளை அவரிடம் வாசித்துக் காட்டினேன்.

"இதுல என்ன இருக்கு? குழாய்க்குள்ள மருந்து செலுத்தி முடிச்சாத்தான் காதர் பாய் அடுத்த லோடு அனுப்புவாரு."

"மருந்துன்னா?"

"வெடிமருந்துதான். உங்க ஊர்ல வெடிக்குள்ள என்ன வைப்பீக, அல்வாவா?"

பெண்கள் சிரித்தார்கள். நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

"வெள்ளிக்கிழமை எதுக்கு?"

"ஆடி கடைசி வெள்ளிக்கு இங்கன ஒருத்தரும் இருக்க மாட்டோம்ல. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போயிருவோம். அது பாய்க்கும் தெரியும்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "அவர எப்ப விடுவாக?"

'என் முதல் கருத்து தவறு' என்று அன்றே எழுதி, செல்வி சொன்னதையும் சேர்த்து நீதிமன்றத்துக்கு அனுப்பினேன். காதர் வெளியே வந்தார்.

ஒரு சொல்லைச் சந்தேகிக்கும் முன் அது புழங்கும் இடத்துக்குப் போய்க் கேளுங்கள் என்று மாணவர்களிடம் இப்போது சொல்கிறேன். பிந்திப் போய்க் கேட்டால் என்ன ஆகும் என்பதைச் செல்வியிடம் தெரிந்துகொண்டேன். சில மாதம் கழித்து, பாய் எப்படி இருக்கிறார் என்று அவரிடம் போனில் கேட்டேன்.

"நல்லா இருக்காரு. லோடும் வருது. போன்ல மட்டும் மருந்துன்னு சொல்றதில்ல. 'அது ஆச்சா'ன்னு கேக்காரு."

நான் தேடிய சங்கேதச் சொல் அப்படித்தான் பிறந்தது.