உப்பில்லாத குழம்பு

வவுனியா பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். கன்னங்கள் ஒட்டி, கழுத்தின் ஒரு பக்கத் தோல் கறுத்து இறுகியிருந்தது. மடியில் தண்ணீர்ப் போத்தல். சற்றைக்கொருதரம் ஒரு மிடறு எடுத்து, வாய்க்குள் வைத்திருந்து மெல்ல விழுங்குவார்.

நான் கச்சான் கடலை நீட்டினேன்.

"வேண்டாம் தம்பி. வாயில புற்றுநோய் வந்து கதிர் சிகிச்சை எடுத்தனான். நோய் சுகமாகி ஆறு வருசம். ஆனா எச்சில் ஊறாது, ருசியும் தெரியாது."

"அப்ப எப்பிடிச் சாப்பிடுறீங்கள்?"

"மனுசி ஒவ்வொரு நாளும் 'கறி எப்பிடி?' எண்டு கேப்பா. நல்லாயிருக்கு எண்டுவன். அவா கவலைப்படுவா எண்டு ருசி திரும்பி வந்த மாதிரியே நடிச்சனான்."

ஒரு மிடறு குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"போன மாசம் மீன்குழம்புக்கு உப்புப் போட மறந்திட்டா. நான் வழமைபோல நல்லாயிருக்கு எண்டு சொல்லிப்போட்டன். பிறகு அவா சாப்பிட இருந்து ஒரு வாய் வைச்சா. என்னை நிமிர்ந்து பாத்தா. எழும்பிப் போய் உப்பெடுத்து வந்து குழம்பில போட்டா."

"கோவமோ?"

"இல்லை. இப்பவும் பாத்துப் பாத்துத்தான் சமைக்கிறா. ஆனா கேக்கிறதை விட்டிட்டா." யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ருசி வராட்டிலும் பரவாயில்லை தம்பி. அவா ஒருக்கா அப்பிடிக் கேட்டாப் போதும் போல கிடக்கு."

புளியங்குளத்தில் இறங்கி, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அந்த அம்மா மறுபடி கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. என் மனைவி கறி எப்படி என்று கேட்டால், இப்போதெல்லாம் இன்னொரு வாய் சாப்பிட்டுப் பார்த்த பிறகே பதில் சொல்கிறேன்.