ஏரிக்குப் பின்னால் அந்த வீடு: எத்திராஜ் அண்ணன் நினைவாக

எத்திராஜ் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, பெருங்களத்தூர் நிறுத்தத்தில் குடையுடன் அவர் ஓட்டும் எங்கள் கல்லூரிப் பேருந்துக்காகத்தான் காத்திருந்தேன். ஐந்து நிமிடம் தாமதமானாலும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "மேடம், இரும்புலியூர்ல டிராபிக்கு, வந்துகினே கீறேன்" என்று போன் செய்கிற மனிதர். அன்று இருபது நிமிடமாகியும் அவரிடமிருந்து போன் இல்லை. மழைநாளில் அவர் அழைத்தாலும் எனக்குப் பயம், அழைக்காவிட்டாலும் பயம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கடைசியில் பேசியது எங்கள் கல்லூரிப் போக்குவரத்துப் பிரிவின் கண்காணிப்பாளர். "எத்திராஜ் ஷெட்டுக்கு வந்து வண்டியில ஏறி உட்கார்ந்தாரும்மா. ஸ்டார்ட் பண்றதுக்குள்ள நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

இரங்கல் கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசும்படி என்னையும் அழைத்தார்கள். எழுந்து நின்றேன், அழுதேன், உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்ததால் பேசவில்லை என்று எல்லோரும் நினைத்திருப்பீர்கள். பேசினால் என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கும் என்ற அச்சம்தான் வாயை அடைத்தது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அவர் பேருந்தில் வந்தவர்களுக்கு அவருடைய பயம் தெரியும். ஆறடி உயரம், அகன்ற தோள், ஆனால் சாலையில் தேங்கிய தண்ணீரைக் கண்டால் வண்டி நடை வேகத்துக்கு இறங்கிவிடும். பின்னால் மாணவர்கள் கேலி செய்வார்கள். "எனக்கு பயம்பா. அதனாலதான் இத்தினி வருஷத்துல ஒருத்தன் மேலயும் இடிக்கல" என்பார், திரும்பிப் பார்க்காமலே. பொத்தேரிப் பக்கத்துப் பூர்விகக் குடும்பம் அவருடையது. வயல்களை எல்லாம் அவருடைய அண்ணன் வரதன் மனைகளாகப் பிரித்து விற்றார். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் பொத்தேரியில் கல்லூரிக்கு எதிர்ச்சாரியில் வாடகைக்கு இருந்தோம். கல்லூரி ஊரில் குடும்பத்துக்கு வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஓர் அறைக்கு நான்கு மாணவர்கள் தங்குவார்கள் என்றால் எந்த உரிமையாளர் கணவன், மனைவி, ஒரு குழந்தையை வைத்துக்கொள்வார்? மூன்று வருடத்தில் மூன்று வீடு மாறினோம். நான்காவது முறையும் காலி செய்யச் சொன்னபோது, என் மகள் தன் பொம்மைகளைத் தானாகவே அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்த அன்றுதான் சொந்த வீடு வாங்கியே தீருவது என்று நானும் என் கணவர் ரவியும் முடிவு செய்தோம்.

ஏரிக்குப் பின்புறம் புதிதாகக் கட்டிய ஒரு தனி வீடு கிடைத்தது. மாடியில் நின்றால் ஏரி முழுவதும் தெரியும். மாலையில் நீர்க்காகங்கள் வரிசையாக இறங்கும். வக்கீல் பத்திரங்களைப் பார்த்து எல்லாம் சுத்தம் என்று சொல்லிவிட்டார். அந்தச் சந்தோஷத்தை முதலில் எத்திராஜ் அண்ணனிடம்தான் சொன்னேன். எந்தத் தெரு என்று மட்டும் கேட்டார். அன்று மதியம் தேர்வுப் பிரிவில் என் மேசைக்கே வந்து, "கொஞ்சம் வெளிய வாங்க மேடம்" என்றார்.

மதிய வெயிலில் ஏரிக்கரைமேல் என்னை நடத்திக்கொண்டு போனார். கரையின் கோடியில் கருங்கல்லால் கட்டிய ஒரு தாழ்வான சுவர் இருந்தது. "இதான் கலங்கல். ஏரி ரொம்பினா தண்ணி இப்படித்தான் வழியும். வழிஞ்சி எங்க போவும்னு பாருங்க." அவர் கை காட்டிய திசையில் வாய்க்கால் எதுவும் இல்லை. தார்ச்சாலை இருந்தது. சாலையின் முடிவில் நாங்கள் வாங்கவிருந்த வீடு, புது மஞ்சள் வண்ணத்தில்.

"பத்திரம் எல்லாம் சரியா இருக்குன்னு வக்கீல் சொன்னாரே அண்ணா?"

"பேப்பர்ல தப்பே இருக்காது மேடம். பட்டா எங்கப்பா பேர்ல இருந்தது. தப்பு தரையில கீது. வாய்க்கால மண்ணு கொட்டி மூடினது எங்க அண்ணன். டிராக்டர் ஓட்டினது நான்."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "நான் சொன்னேன்னு தெரிஞ்சா வூட்டு வாசப்படி ஏத்தமாட்டாரு. ஆனா உங்க கொழந்த அங்க தூங்கறத நெனச்சா எனக்கு தூக்கம் வராது."

வீடு வேண்டாம் என்று தரகரிடம் சொல்லிவிட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வரதன் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், குரலை உயர்த்தாத மனிதர். காபி கொடுத்தேன், குடித்தார். "வேணாம்னா வேணாம்மா, அதுல ஒண்ணும் தப்பில்ல. யாரு சொல்லி வேணாம்னீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

"யாரும் சொல்லல சார். லோன் சரியா வரல."

டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்த மகளைப் பார்த்து, "பாப்பா எந்த ஸ்கூலு? வேன்ல போவுதா, நடந்து போவுதா?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். நான் மகளை உள்ளே போகச் சொன்னேன். அவர் எழுந்து செருப்பை மாட்டும்போது, "ஏரி, தண்ணின்னு ஊருக்குள்ள பேச்சு வேணாம்மா. வாங்கினவங்க எல்லாம் வாழணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இரண்டு மாதம் மகளை நானே பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டு, நானே அழைத்து வந்தேன்.

அந்த இரண்டு மாதத்துக்குள்தான் பியூலா வந்தார். பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை. கணவருக்கு நாவலூரில் வேலை. பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் மாமியார், மாடிப்படி ஏற முடியாதவர், அவருக்காகத் தரைத்தளத்துடன் தனி வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். "அந்த மஞ்சள் வீட்டை நீங்க பார்த்துட்டு விட்டுட்டீங்களாமே, ஏன்க்கா? ஏதாவது பிரச்சினையா?" என்று நேராகவே கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். வரதன் என் மகளைப் பார்த்த பார்வைதான் கண்முன் நின்றது. "ஒண்ணும் இல்லம்மா. எங்களுக்கு லோன் வரல" என்றேன்.

அவர்கள் அந்த வீட்டை வாங்கினார்கள். புதுமனை புகுவிழாவுக்கு என்னையும் அழைத்தார்கள்; தலைவலி என்று சொல்லி நான் போகவில்லை. எத்திராஜ் அண்ணன் ஒருநாள் கல்லூரி ஷெட் பக்கம் என்னைத் தனியாகப் பார்த்தபோது மெதுவாகக் கேட்டார்: "அவங்ககிட்ட நீங்க சொன்னீங்களா மேடம்?"

"இல்லண்ணா."

"நானும் சொல்லல."

முதல் வருடம் மழை பொய்த்தது. வேறு யாராவது மழை இல்லையே என்று வருந்தினால், நான் உள்ளுக்குள் நன்றி சொல்லிக்கொள்வேன்.

அடுத்த வருடம் ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் கல்லூரிக்கு விடுமுறை. காலை பத்து மணிக்கு எத்திராஜ் அண்ணன் போன் செய்தார். பின்னணியில் மழைச் சத்தம். "கரைமேல நிக்கிறேன் மேடம். இன்னும் ஒரு ஜாண்தான் பாக்கி. அந்த வூட்ல யாரு கீறாங்க?"

பியூலாவை அழைத்தேன். கணவர் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் பியூலாவும் மாமியாரும் மட்டும். "தெருவுல கணுக்கால் அளவுதான்க்கா தண்ணி, பயமில்ல" என்றார் சிரித்துக்கொண்டே.

ரவியிடம் மகளை ஒப்படைத்துவிட்டு ஓடினேன். நான் தெருமுனைக்குப் போனபோது அண்ணன் அங்கே நின்றிருந்தார். தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. கலங்கல் பக்கமிருந்து ஓர் இரைச்சல் வந்தது. கடல் இரைச்சலுக்கு நடுவில் இடைவெளி உண்டு, இதற்கு இல்லை. பழுப்பு நீர் அந்தத் தார்ச்சாலையை அப்படியே பிடித்துக்கொண்டு, யாரோ பாதை காட்டிக் கூட்டிவருவதுபோல, நேராக அந்த வீட்டை நோக்கிப் போனது. அண்ணன் அதைப் பார்த்தபடி நின்றார். "எனக்கு நீச்சல் தெரியாது மேடம்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

வாசல் கேட்டை இருவரும் சேர்ந்து தள்ளித்தான் திறக்க முடிந்தது. சுவரைப் பிடித்து உள்ளே போனோம். படுக்கையறையில் கட்டிலின் மெத்தை நனையத் தொடங்கியிருந்தது. மூதாட்டி பேச முடியாமல் கண்களை மட்டும் அகலத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பியூலா அவருடைய தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் குனிந்து அந்த அம்மாளைக் குழந்தையைப்போலத் தோளில் போட்டுக்கொண்டார். தெருமுனை வரை நூறடி தூரம் இருக்கும். நடுவில் ஓர் இடத்தில் அவருக்குக் கால் இடறி, மார்பு வரை தண்ணீருக்குள் போனார். நான் அவர் சட்டையைப் பற்றினேன், பியூலா என் இடுப்பைப் பற்றினார். மூன்று பேரும் அப்படியே அசையாமல் நின்றோம். எத்தனை நேரம் என்று தெரியாது. "கால் ஊணிட்டேன், கால் ஊணிட்டேன், வாங்க" என்று அவர் முனகினார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் மேட்டுக்கு வந்தோம்.

கல்லூரி விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அந்த அம்மாளைப் படுக்க வைத்தார்கள். பியூலா அண்ணனின் கையைப் பிடித்து, "நீங்க கர்த்தர் அனுப்பின ஆளு" என்றார். அண்ணன் கையை உருவிக்கொண்டார்.

"அப்டி சொல்லாதம்மா. அது தண்ணி போற வழி. வாய்க்கால மூடி வித்தது எங்க குடும்பம். மண்ணு கொட்டினது நான். நீங்க வாங்கறதுக்கு முன்னாடியே எனக்கு தெரியும். எங்க அண்ணனுக்கு பயந்துகினு வாய மூடிகினு இருந்துட்டேன்."

பியூலா மெல்ல என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "இந்த மேடத்துக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் தொணைக்கு கூட்டினு வந்தேன்" என்று சொல்லிவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலை என்ன சொல்லியிருக்குமோ, வாய் ஒன்றும் சொல்லவில்லை.

வரதன் அதன் பிறகு தம்பியைக் குடும்பத்திலிருந்து ஒதுக்கிவிட்டார். வரதன் வீட்டு மருமகளின் சீமந்தத்துக்கும் அழைப்பில்லை. அண்ணன் அதைப் பற்றி ஒருமுறைதான் பேசினார்: "பேஜாருதான் மேடம். ஆனா இப்ப தூங்கறேன்." நாங்கள் பெருங்களத்தூரில், மேட்டுப்பகுதியில், இரண்டாம் தளத்தில் ஒரு சிறிய ஃபிளாட் வாங்கினோம். பியூலா குடும்பத்தால் மஞ்சள் வீட்டை விற்கவும் முடியவில்லை. விட்டுப் போகவும் முடியவில்லை. கூடத்துச் சுவரில் தண்ணீர் நின்ற கறை புது வண்ணம் பூசிய பிறகும் தெரிகிறது என்று கேள்விப்பட்டேன். பார்க்க நான் போகவில்லை.

அண்ணனின் இறுதிச் சடங்கன்று பியூலா வந்திருந்தார். வரதனும் வந்திருந்தார். பந்தலின் ஓரத்தில், தம்பியின் முகத்தைப் பார்க்காமல், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பியூலாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

"அன்னிக்கு லோன் வரலன்னு உங்ககிட்ட சொன்னேன். அது பொய். எனக்கும் எல்லாம் தெரியும். எத்திராஜ் அண்ணன் என்னைக் காப்பாத்தறதுக்காக அப்படிச் சொன்னார்."

அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. பந்தல் துணியிலிருந்து சொட்டும் நீரைப் பார்த்தபடி, "எங்க வீட்டுக்கு அடுத்த மனையில போன வாரம் அஸ்திவாரம் தோண்டியிருக்காங்க. மதுரைப் பக்கத்து ஆளுங்க. ரெண்டு சின்னப் பசங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அவங்ககிட்ட யாருக்கா சொல்றது?"

மறுநாளே போனோம், இருவரும். அந்தக் கணவனும் மனைவியும் செங்கல் இறக்குவதை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தார்கள். கலங்கல் எங்கே, வாய்க்கால் எங்கே இருந்தது, எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று சொன்னேன். பியூலா தன் வீட்டுக் கதவைத் திறந்து சுவரைக் காட்டினார். அந்த மனிதர் முதலில் எங்களை நம்பவில்லை. யாரோ ஏவிவிட்டு வந்ததாக நினைத்தார். அவர் மனைவிதான், "ஏங்க, நில்லுங்க, அவங்க சொல்றதைக் கேளுங்க" என்றார். வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். தொடருவார்களா என்று தெரியாது. வரதனிடமிருந்து இதுவரை யாரும் வரவில்லை. வாசலில் மணி அடித்தால் இப்போதும் கதவுத் துளை வழியே பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன்.

எத்திராஜ் அண்ணன் துணிச்சல்காரர் என்று கூட்டத்தில் சிலர் பேசினார்கள். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்ற எனக்குத் தெரியும், அந்தக் கை எவ்வளவு நடுங்கியது என்று. அந்த நடுக்கத்தைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்துவந்திருக்கிறேன். மஞ்சள் வீட்டு வாசலில் அந்த அயலாரிடம் பேசியபோது என் கையும் அப்படித்தான் நடுங்கியது. பேச வந்ததைப் பேசி முடித்தேன்.