பகவதி அக்காவின் கை

நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த அதே மாதம் பகவதி அக்காவும் போய்விட்டார். ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி படியேறி வந்து, "அக்கா காலம்பற போயிட்டாங்க தம்பி" என்றபோது நான் வயலினுக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அன்று அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, அது இன்னும் போகவில்லை.

காரணம், கோட்டைக்குள் இருக்கும் சங்கீத சபை உடனே ஒரு நோட்டீஸ் அடித்தது. "அடக்கமே உருவான இசைச்செல்வி" பகவதியம்மாளுக்கு அஞ்சலிக் கூட்டமாம். அடக்கமாம்! பல வருஷம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயலின் வாசித்தவன் நான். அடக்கத்துக்கும் அக்காவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அவர் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும். வலது கை தொடையில் தாளம் போடும், அடி பின்வரிசைக்குக் கேட்கும். இடது கை ராகத்துக்கு முன்னால் ஓடும். தோடி பாடினால் மாவு பிசைவது போல் இழுத்து அழுத்துவார். கல்யாணிக்கு, உயரக் கொடியில் துணி போடுவது போல் கை மேலே போகும். ஆண் வித்வான்கள் மேடையில் குஸ்தி பிடித்தாலும் "ஆகா, என்ன ஞானம்" என்பார்கள். ஒரு பெண்ணின் கை முழங்காலைத் தாண்டினால் மட்டும் எல்லோருக்கும் கண் கூசும்.

சபைக் காரியதரிசி மலையாளம் கலந்து பேசும் ஒரு வக்கீல். சில வருஷங்களுக்கு முன் கச்சேரிக்குத் தேதி கொடுக்க வந்தவர் அக்காவிடம், "பாட்டெல்லாம் ஒண்ணாந்தரம். பக்ஷே, ஸ்திரீகள் மேடையில கையைக் காலை ஆட்டப்படாது. விக்ரகம் மாதிரி இருக்கணும்" என்றார்.

"விக்ரகமா பாடப்போவுது சார்? நான்லா பாடணும்" என்றார் அக்கா.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கச்சேரியன்று பார்த்தால், முடிவில் போட வேண்டிய பொன்னாடையை ஆரம்பத்திலேயே கொண்டுவந்தார். அக்காவின் தோளைச் சுற்றிப் போர்த்தி, இரண்டு முனையையும் மடியில் சேர்த்துவைத்து, தாழ்ந்த குரலில், "இது நழுவாம இருந்தா அடுத்த வருஷமும் இந்த மேடை உண்டு" என்றார். மரியாதையைக் கயிறாக்கிக் கட்டுவதை அன்றுதான் பார்த்தேன். அந்த மேடையில் பாடினால்தான் வெளியூர் சபைகள் கூப்பிடும். அக்காவுக்கு வேறு ஜீவனம் கிடையாது. கைகளைப் பொன்னாடைக்குள் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

கீர்த்தனைகள் ஒருமாதிரி தப்பிப் பிழைத்தன. பல்லவியில் மாட்டிக்கொண்டோம். மிருதங்கக்காரரும் நானும் எப்போதும் அவர் கையைப் பார்த்துத்தான் வாசிப்போம். தாளம் தெரியாதவர்களா நீங்கள் என்று கேட்கலாம். தெரியும். ஆனால் அவர் அடுத்து எவ்வளவு தூரம் ஏறப் போகிறார், எங்கே திரும்புவார் என்பதை அந்தக் கைதான் சொல்லும். கை மறைந்துவிட்டது. மிருதங்கம் ஓரிடத்தில் இறங்கியது, நான் வேறோரிடத்தில் இறங்கினேன், அக்கா நடுவில் தனியாக நின்றார். கூட்டத்தில் இருமல் கிளம்பியது.

அக்கா பாட்டை நிறுத்தினார். பொன்னாடையை நிதானமாக எடுத்து நாலாக மடித்து, பின்னால் தம்புரா போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் நீட்டினார். "தம்புராக் குடத்துக்கு அடியில வை மக்கா. வழுக்காம இருக்கும்." மைக் அதையும் கூட்டத்துக்குச் சொல்லிவிட்டது. பிறகு கை தொடையில் விழுந்தது. அடுத்த சுற்றில் மூன்று பேரும் ஒரே இடத்தில் இறங்கினோம். கொட்டகை அதிர்ந்தது. முன்வரிசையில் காரியதரிசி மட்டும் கை தட்டவில்லை.

அடுத்த வருஷம் மேடை இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. வெளியூர்க் கடிதங்களும் நின்றுபோயின. கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று ஒருநாள் பழவங்காடிப் பக்கம் நடந்துபோகும்போது கேட்டேன். "மூச்சு கையில இருந்துதான் கிளம்புது தம்பி. கையைக் கட்டிப்போட்டா பாட்டு தொண்டையில நின்னுரும். நின்ன பாட்டுக்கு மேடை எதுக்கு?" என்றார்.

அண்ணாச்சி தன் கடைமாடியைக் காலிசெய்து கொடுத்தார். மிளகு நெடியில் தும்மிக்கொண்டே கேட்போம். "இங்க யாரும் உங்க கையைப் பாக்க வரல்ல அக்கா, பாட்டு கேக்கத்தான் வாறோம்" என்று அண்ணாச்சி ஆறுதலாகச் சொன்னபோது அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கையையும் பாருங்க அண்ணாச்சி. ரெண்டும் ஒண்ணுதானே?" கடைசிவரை அந்த மாடியில்தான் பாடினார். எனக்குத் தெரிந்து அவர் பாடிய நல்ல பாட்டெல்லாம் அங்கே பாடியவைதான்.

அஞ்சலிக் கூட்டத்துக்குப் போனேன். மேடையில் அக்காவின் படம், ஸ்டூடியோவில் கைகளை மடியில் வைத்து எடுத்தது. காரியதரிசி பேசி முடித்து, "இனி எல்லாரும் எழுந்து ரெண்டு நிமிஷம் அசையாம நிக்கணும்" என்றார்.

எல்லோரும் எழுந்தார்கள். நான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டேன். பின்னாலிருந்து இன்னொரு அடி சேர்ந்து விழுந்தது. திரும்பினால் அண்ணாச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டே போடுகிறார்.

"எந்தா சார் இது! மௌன அஞ்சலியாக்கும்!" என்று காரியதரிசி பல்லைக் கடித்தார்.

"வாயைத் திறக்கல்லையே சார். கைதானே?" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. தாளத்தை நிறுத்தவில்லை.

அந்த மேடை இனி எனக்கும் கிடையாது. போகட்டும். அக்காவிடமிருந்து வந்த அந்தத் தாளம் என்னிடம் இருக்கிறது, தொடையில் பட்டால் பின்வரிசைக்குக் கேட்கும். நான் போன பிறகு என் கைமேல் யாரும் பொன்னாடை போர்த்த வேண்டாம்.