பிழை சுற்றில் இல்லை

கொளஞ்சிநாதன் இறந்த செய்தி எனக்கு மூன்று மணி நேரம் தாமதமாகக் கிடைத்தது. சென்னையில் எங்கள் ஆய்வகத்தின் குளிரறைக்குள் செல்பேசி கொண்டுபோகக் கூடாது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். அந்த விதியை எழுதி ஒட்டியவர் அவர். அவருக்கு அங்கே வேலை நின்று இரண்டரை ஆண்டுகளாகியும் அவர் கையெழுத்து கதவிலேயே இருக்கிறது. நான் வெளியே வந்தபோது விருத்தாசலத்திலிருந்து அப்பா ஒன்பது முறை அழைத்திருந்தார். "கொளஞ்சி போயிட்டாம்மா. வேப்பூர்லேர்ந்து பைக்குல வந்திருக்கான். லாரி அடிச்சிடுச்சி."

இதைப் படிப்பவர்களில் ஆய்வகத்து நண்பர்களும் இருப்பீர்கள், அவருடைய தெருக்காரர்களும் இருப்பீர்கள். தெருக்காரர்களுக்கு அவர் சென்னையில் என்ன செய்தார் என்பது சரியாகத் தெரியாது. நியோபியம் என்ற உலோகத்தைத் திரவ ஹீலியத்தில் முக்கினால் அதற்கு மின்தடை இல்லாமல் போய்விடும். அதில் செய்த நுண்ணிய வளையத்தில் ஓடும் மின்சாரம் நிற்பதில்லை. வளையத்துக்குள் துளி காந்தம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். இத்தகைய வளையங்களைக் கோத்து, மிகக் குறைந்த மின்சாரத்தில் கணக்குப் போடும் சுற்றுகளை அவர் வரைந்தார். சூளையில் பீங்கான் சுடும் செராமிக் யூனிட்டில் பொம்மைகளுக்குப் பூச்சு அடிக்கும் அவருடைய அம்மா இதை இரண்டே வரியில் சொல்வார்: "ஊரே சூட்டுல பொழைக்குது. எம்மவன் குளுருல பொழைக்கப் போயிருக்கான்."

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒருமுறை கட்டுரைக்கான அட்டவணையில் சுற்று பதித்த சில்லு செலவழிக்கும் மின்சாரத்தை மட்டும் நான் எழுதியிருந்தேன். "குளுர வெக்கிற மிஷின் தின்ற கரண்டு எங்க? அதையும் எழுது டாக்டரே. இல்லன்னா பொய்யி" என்றார். நான் அப்போது டாக்டர் இல்லை. அவசரக்காரி என்பதற்கு அவர் வைத்த பட்டம் அது.

அவருடைய கடைசிச் சுற்று தோற்றுப்போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு முறை குளிர்வித்தபோதும் சில கேட்டுகள், அதாவது சுற்றில் கணக்குப் போடும் சிறு அலகுகள், தவறான விடை தந்தன. மறுமுறை குளிர்வித்தால் வேறு கேட்டுகள். அவர் மட்டும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "தப்பு சர்க்யூட்டுல இல்ல. வரைஞ்சதுல தப்புன்னா ஒரே எடத்துல தப்பணும். இது எடம் மாறுது. உள்ள எங்கயோ இரும்பு இருக்குது." குளிரும் நேரத்தில் அருகே வேண்டாத காந்தம் இருந்தால் நியோபியம் அதைத் தனக்குள் பூட்டிக்கொள்ளும், மறுபடி சூடாக்கும்வரை விடாது. சில்லைக் கம்பியின் முனையில் பொருத்தி ஹீலியத்தில் இறக்குவது என் வேலை. "எல்லாம் பித்தளைதாண்ணா. நானே மாட்டினேன்" என்றேன். பித்தளையில் காந்தம் ஏறாது.

ஹீலியம் தீர்ந்தது. வடிவமைப்பில் பிழை என்று கூட்டத்தில் முடிவானது. அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. ஊருக்குத் திரும்பி ஒரு யூனிட்டில் சூளையின் வெப்பநிலை பார்க்கும் வேலையில் சேர்ந்தார்.

ஐந்து மாதம் கழித்துக் கம்பியின் முனையைச் சுத்தம் செய்தபோது, காந்தமேறிய திருப்புளியில் ஓர் ஊக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. என் துப்பட்டாவின் ஊக்கு. குளிரில் ஒட்டுநாடா பிரிந்து ஒயர்கள் தொங்கியதால், ஒரு நாள் அவசரத்தில் அவற்றைச் சேர்த்துக் குத்தி வைத்திருந்தேன். எங்கள் ஊர்க் கோயில் வாசல் கடையில் வாங்கியது. மஞ்சளாக இருந்ததால் பித்தளை என்று நினைத்தேன். பித்தளை முலாம் பூசிய இரும்பு.

ஊக்கில்லாமல் அதே சில்லை நான்கு முறை குளிர்வித்தேன். நான்கு முறையும் எல்லாக் கேட்டுகளும் சரியான விடை தந்தன. கூட்டத்தில் நான் சொன்னது இவ்வளவுதான்: "ஒயர்களை மாற்றிக் கட்டினேன், வேலை செய்கிறது." அது என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் ஆனது. அவர் பெயர் நன்றிப் பக்கத்தில் வந்தது. அவருடைய பிழையை நான் திருத்திவிட்டதாக நீங்கள் பாராட்டினீர்கள். நான் மறுக்கவில்லை. பட்டம் தள்ளிப்போகும் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை.

இந்தப் பொங்கல் விடுமுறையில்தான் அவரிடம் சொன்னேன், விருத்தாசலம் ஜங்ஷன் எதிரே ஒரு டீக்கடையில். அவர் முதலில் கேட்டது, "எல்லா கேட்டும் வந்துச்சா?"

"எல்லாம்ணா."

"நாலு தடவையும்?"

"நாலு தடவையும்."

முகம் அப்படி மலர்ந்தது. பிறகு சிரித்தார். "எங்கம்மா மணவாளநல்லூர்ல பிராது கட்டியிருக்குது, தெரியுமா? எம்மவன் வேலைய கெடுத்தது யாருன்னு காட்டுன்னு. சாமி கேஸ எடுத்து ரெண்டு வருஷம் ஆவுது. குத்தவாளி தானா வந்து டீ வாங்கிக் குடுக்குது." மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் மனக்குறையைத் தாளில் எழுதிக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். குறை தீர்ந்தால் போய் வாபஸ் வாங்க வேண்டும்.

சிரிப்பு அடங்கிய பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை. "இத நம்ம லேப் தலைவர் சாருக்கு எழுதிக் குடு. அது போதும்."

"வைவா முடிஞ்சதும் எழுதறேண்ணா."

"சரி டாக்டரே."

வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்தது. பட்டம் வந்தது. நான் எழுதவில்லை. அவர் நினைவூட்டவும் இல்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றிருந்தபோதுதான் வேப்பூர் சாலையில் அந்த லாரி வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவருடைய அம்மாவிடம் சொன்னேன். ஊக்கைக் கேட்டு வாங்கினார். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்த பொம்மையில் வைத்துப் பார்த்தார். ஒட்டியது.

"மஞ்சளா இருக்கறதெல்லாம் பித்தளைன்னு நெனச்சிட்டியா பாப்பா?"

"ஆமாம்மா."

"அது தெரியாம செஞ்சது. தெரிஞ்ச பொறவு ரெண்டு வருஷம்?"

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. பூச்சின் வெள்ளை நகக்கண்ணில் தங்கிய கையால் ஊக்கை எடுத்து மூடினார். "எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? அவன் வரைஞ்சது தப்புன்னு சொன்னவங்ககிட்ட சொல்லு. பேரு போட்டு எழுது. எழுதிட்டு வா, பிராத வாபஸ் வாங்கலாம். அதுவரைக்கும் அது அங்கயே இருக்கட்டும்."

நேற்று ஆய்வகத்துக்குக் கடிதம் அனுப்பினேன். ஆய்வேட்டின் அந்த அத்தியாயத்தைத் திருத்த வேண்டும் என்றும், என் பட்டத்துக்கு அதனால் என்ன நேர்ந்தாலும் ஏற்கிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. உங்களுக்கும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களில் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்கள். கொளஞ்சிநாதன் வரைந்த சுற்றில் பிழை இல்லை. உள்ளே இரும்பு இருக்கிறது என்று அவர் சொன்னதும் உண்மை.

அன்று புறப்படும்போது அவருடைய அம்மா அந்த ஊக்கை என் கையில் திருப்பி வைத்தார். "நீயே வெச்சிக்க" என்றார்.

வைத்திருக்கிறேன்.