முனிரத்தினம்மாளின் குரல் இல்லாத படம்

சென்ற வாரம் திருத்தணியிலிருந்து ஒரு கார்டு வந்தது. முனிரத்தினம்மாள் நாலு நாள் காய்ச்சலில் இறந்துவிட்டதாக அவருடைய அக்காள் கணவர் எழுதியிருந்தார். கார்டு என் கைக்கு வருமுன் எல்லாம் முடிந்திருந்தது. பத்திரிகை எதிலும் ஒரு வரி இல்லை. அவரை நடிகை என்று அறிந்தவர்களே சொற்பம். அந்தச் சிலருக்காக இதை எழுதுகிறேன்.

‘மேய்ச்சல் வழி’ படத்தை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? பஞ்சத்தில் மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு தண்ணீர் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை. யுத்தம் முடிந்த சமயத்தில் எடுத்தது. ஸ்டூடியோவில் அட்டை மலை கட்டமாட்டேன், ஆர்.கே.பேட்டைக்கு அப்பால் முட்காட்டில்தான் எடுப்பேன் என்று டைரக்டர் பிடிவாதம் பிடித்தார். வசனம் நான். சென்னையிலிருந்து வந்த கதாநாயகி இரண்டு நாள் வெயிலைப் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிட்டார். அதன் பிறகே உள்ளூர் நாடகங்களில் நடித்துவந்த முனிரத்தினம்மாளை அழைத்து வந்தார்கள்.

கடைசிக் கிணற்றில் மாடுகளுக்குத் தண்ணீர் தர ஊர்ப் பெரியவர் மறுக்கும் காட்சி. “வாயற்ற ஜீவன்கள் தாகத்தால் தவிக்கின்றன, தயை புரியுங்கள்” என்று எழுதியிருந்தேன். தாளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இத எந்த மாட்டுக்காரி சொல்லுவாங்க?” என்றார் முனிரத்தினம்மாள்.

எனக்குச் சுருக்கென்றது. “நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டேன்.

“எனுக்கு வோணாம் நைனா. இதுங்களுக்கு ஒரு வாய் வுடு. காலையிலேர்ந்து என் மூஞ்சியவே பாத்துகினு நிக்குதுங்க.”

டைரக்டர் உடனே காமிராவை ஓட்டச் சொன்னார். பிலிம் தட்டுப்பாடு, எந்தக் காட்சியையும் இரண்டாம் முறை எடுக்க வழியில்லை. முனிரத்தினம்மாளுக்கு ஒரு முறையே போதுமானதாக இருந்தது. பெரியவராக நடித்தவர் தம் வசனத்தை மறந்து நின்றார். அந்த நிற்பே படத்தில் இருக்கிறது.

படத்தைப் போட்டுப் பார்த்த முதலாளிக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. “கதாநாயகி பேசுகிற தமிழா இது?” என்றார். வேறொரு பெண்ணைப் பேசவைத்து முனிரத்தினம்மாளின் குரல் முழுவதையும் மாற்றினார்கள். “எனக்கு வேண்டாம் அப்பா, இவற்றுக்கு ஒரு வாய் கொடுங்கள்” என்று அதே பேச்சைத் திருத்திக் கொடுத்தவன் நான். டைரக்டராவது சண்டை போட்டார். நான் போடவில்லை.

செய்தி தெரிந்து முனிரத்தினம்மாள் மூன்று முறை சென்னைக்கு வந்தார். இரண்டு முறை வாசலோடு அனுப்பினார்கள். மூன்றாம் முறை முதலாளியையே பார்த்து, “அந்தக் கெணத்தாண்ட சீன் ஒண்ணுக்காவது என் கொரல வுடுங்க” என்று கேட்டார். முதலாளி சிரித்துவிட்டு எழுந்து போனார்.

படம் எங்குமே ஓடவில்லை. ஆர்.கே.பேட்டைக் கொட்டகையில் போட்டபோது முனிரத்தினம்மாள் சொல்லியனுப்ப, நானும் போயிருந்தேன். திரையில் அவர் வாயைத் திறந்ததும் வேறு குரல் வந்தது. ஊரே சிரித்தது. கிணற்றடிக் காட்சி முடிந்து ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். பெண்கள் பகுதியிலிருந்து அவர் எழுந்து திரைக்கு முன்னாலிருந்த மேடையில் ஏறி நின்றார். தம் பேச்சைத் தம் குரலில் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கிழவர், “ஆங், அதாம்மா பேச்சு!” என்றார்.

கொட்டகைக்காரர் ஓடி வந்தார். “படம் பாக்க வந்தாங்களா, உன் கூத்த பாக்க வந்தாங்களா? எறங்கும்மா!” என்று கத்தினார். நான் பெஞ்சியில் உட்கார்ந்தபடியே இருந்தேன்.

வெளியே வந்து முனிரத்தினம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். “மன்னிப்பு இன்னாத்துக்குங்க? ‘அது அந்தம்மா பேச்சுதான்’னு உள்ளயே எழுந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே,” என்றார். அதற்குப் பிறகு நாங்கள் சந்திக்கவில்லை.

ஒரே ஒரு பத்திரிகை அந்தப் படத்தைப் பற்றி எழுதியது. கிணற்றடி வசனம் அபாரம் என்று என் பெயரைப் போட்டுப் பாராட்டியது. அதைக் காட்டித்தான் அடுத்த இரண்டு படங்களுக்கு எழுதும் வாய்ப்பைப் பெற்றேன். இன்றுவரை, எழுதியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் கொடுப்பதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சிய பழக்கம் அது. அந்த வசனம் முனிரத்தினம்மாளுடையது. இதை அவர் உயிரோடு இருக்கும்போது எழுதியிருக்க வேண்டும்.